ஆபிரிக்காவில் நின்ற மாமா

உங்களுக்கும் நினைவிருக்கும். நாம் சிறியவர்களாக இருந்தபோது, உலகமெல்லாம் சிதறிப்போன சொந்தங்களைப் பற்றிக் கதைக்க நம் வீட்டுப் பெரியவர்களிடம் இரண்டு வினைச்சொற்கள்தான் இருந்தன. விசா கிடைத்து, வேலை எடுத்து, வீடு பிடித்துக் குடியேறிவிட்டவர்கள் அந்த நாட்டில் 'இருக்கினம்'. இன்னும் போய்ச் சேராதவர்கள், வழியில் அகப்பட்டவர்கள், காசு வாங்கி ஆட்களை வெளிநாட்டுக்குக் கடத்திவிடும் ஏஜென்சிக்காரனின் அடுத்த அழைப்புக்காகக் காத்துக் கிடந்தவர்கள் 'நிக்கினம்'. பெரியப்பா கனடாவில் இருக்கிறார்; அவருடைய மூத்த மகன் மொஸ்கோவில் நிற்கிறான். இந்த வித்தியாசத்தை யாரும் நம்மைக் கூப்பிட்டு உட்கார்த்திச் சொல்லித் தரவில்லை. நமக்கெல்லாம் இப்போது நாற்பது கிட்டுகிறது, நம்முடைய பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள்.

என் அம்மாவின் ஒரே தம்பி ஆபிரிக்காவில் நின்றார்.

எனக்கு அப்போது ஐந்தோ ஆறோ வயது. வீட்டில் தமிழ், பாலர் பள்ளியில் ஜெர்மன் என்று இரண்டுக்கும் நடுவில் தத்தளித்த காலம். நிற்பது என்றால் எனக்கு நிற்பதுதான். ஆகவே மாமா ஆபிரிக்காவில், புல்வெளியில், கொளுத்தும் வெயிலில் இரண்டு காலிலும் நின்றுகொண்டிருக்கிறார் என்றே நம்பினேன். குடும்பத்தை வரையச் சொன்னபோது அப்பா, அம்மா, நான் மூவரையும் ஒரு வீட்டுக்குள் வைத்துவிட்டு, தாளின் மறு ஓரத்தில் இரண்டு ஒட்டகச்சிவிங்கிகளுக்கு நடுவில் மாமாவை நிறுத்தினேன். ஆசிரியை குனிந்து இவர் யார் என்று கேட்டார். என்னுடைய மாமா, ஆபிரிக்காவில் நிற்கிறார் என்று ஜெர்மனில் சொன்னேன். அங்கே என்ன செய்கிறார் என்றார். நிற்கிறார் என்றேன். இவ்வளவு சொல்லியும் விளங்காத ஆசிரியையை எனக்கு யார் அனுப்பியது என்று எரிச்சல் எரிச்சலாக வந்தது.

ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சனில் எங்கள் வீடு மூன்றாம் மாடியில் இருந்தது. கதவைத் திறந்தால் ஓர் ஒடுங்கிய நடை. நடையின் சுவரில் உடுப்புக் கொளுவும் கொக்கிகள். கடைசிக் கொக்கியில் கருநீல நிறத்தில் ஆண்கள் போடும் குளிர் ஜாக்கெட் ஒன்று தொங்கியது. மாமா கொழும்பை விட்டு வெளிக்கிட்ட கிழமையே அம்மா கடைக்குப் போய் வாங்கி வந்தது அது. "வந்து இறங்கேக்க பிள்ளைக்குக் குளிரும்" என்பது அம்மாவின் கணக்கு. கழுத்துப் பட்டியில் கடைக்காரன் போட்ட சீட்டுக்கூட வெட்டப்படவில்லை. இளவேனில் வந்ததும் அம்மா அதை எடுத்து பல்கனியில் காற்றாட விடுவார், பூச்சி உருண்டையை மாற்றுவார், திரும்பக் கொண்டுவந்து அதே கொக்கியில் மாட்டுவார். விருந்தினர் யாராவது தெரியாமல் தங்கள் மேலங்கியை அதன்மேல் கொளுவினால், அவர்கள் உள்ளே போனதும் எடுத்து வேறு கொக்கியில் போட்டுவிடுவார்.

அந்த ஜாக்கெட்டுக்குக் கீழேதான் டெலிபோன். வயர் கட்டையாக இருந்ததால் அதைத் தூக்கிக்கொண்டு எங்கேயும் போக முடியாது. அம்மா எப்போதும் நின்றபடிதான் கதைப்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்து வந்ததும் டெலிபோன் அட்டையின் சாம்பல் பூச்சை நாணயத்தால் சுரண்டுவார். அந்தத் தூளை ஊதித் தள்ளுவது என் வேலை. நீண்ட இலக்கங்களை அமத்தி, ஜெர்மன் பெண்குரல் ஏதேதோ சொல்லி முடித்து, ஒருவழியாக மாமாவின் குரல் வரும். அம்மா இங்கிருந்து சொன்னது அங்கே போய்ச் சேரவும், பதில் திரும்பி வரவும் நேரம் எடுக்கும். அந்த இடைவெளியில் இருவரும் ஒரே நேரத்தில் கதைத்து, ஒரே நேரத்தில் நிறுத்தி, "நீ சொல்லு", "இல்லை, நீங்கள் சொல்லுங்கோ அக்கா" என்பதிலேயே அரைவாசி அட்டை முடிந்துவிடும். மிச்ச அரைவாசியில் அம்மா ஒவ்வொரு கிழமையும் ஒரே விஷயத்தைத்தான் சொன்னார்.

"இன்னும் கொஞ்சம் பொறு தம்பி. எல்லாம் சரி வரும். உந்த ஊரில ஒண்டையும் வாங்கிச் சேர்த்துப்போடாதை. வெளிக்கிடச் சொன்னால் உடனே வெளிக்கிட வேணும்."

ஏஜென்சிக்காரன் அவரை நைரோபியில் ஒரு வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு மறைந்துபோனான். அந்த வீட்டில் நம் ஆட்கள் நிறையப் பேர் நின்றிருக்கிறார்கள். ஒவ்வொருவராக ஏதோ ஒரு வழியில் புறப்பட்டுப் போக, கடைசியில் மாமா தனித்துப் போனார். குஜராத்திக் கிழவர் ஒருவரின் வாகனத் திருத்தகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அந்தக் கிழவரே அலைந்து திரிந்து அவருக்கு வேலை அனுமதியும் எடுத்துக் கொடுத்தார். இதையெல்லாம் அம்மா கேட்டுக்கொள்வார், ஆனால் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். ஒவ்வொரு ஆவணியும் கேவலார் மாதா கோயிலுக்குப் போய் மெழுகுதிரி கொளுத்தி, தம்பி வந்து சேர வேண்டும் என்று மன்றாடினார். மாமா ஜெர்மன் படிக்க வேண்டுமென்று மொழிப் பயிற்சிக் கசெட்டுகளைப் பெட்டியோடு வாங்கி அனுப்பியதும் அம்மாதான்.

எனக்குப் பத்து வயதானபோது ஸ்டுட்கார்ட்டிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. நல்ல கத்தோலிக்கக் குடும்பம், பெண் ஜெர்மன் பிரஜை, மருந்துக் கடையில் வேலை. கல்யாணம் முடித்தால் மாமா சட்டப்படி, விமானத்தில், பகல் வெளிச்சத்தில் வந்து இறங்கலாம். அம்மாவுக்குத் தரையில் கால் நிற்கவில்லை. மாமாவோ டெலிபோனில் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "பாப்பம் அக்கா" என்றார். அந்தப் பெண்ணின் தாய், "ஆரேனும் ஒருக்கா மாப்பிள்ளையை நேரில பாத்திட்டுச் சொன்னால் எங்களுக்கும் மனம் ஆறும்" என்று கேட்டுவிட்டார்.

எங்களுக்கு ஜெர்மன் பாஸ்போர்ட் கிடைத்துக் கொஞ்சக் காலம்தான் ஆகியிருந்தது. பாடசாலை விடுமுறைக்குப் போகலாம் என்று அம்மா முடிவெடுத்தார். மாமா மறுமுனையில் யோசித்தார்.

"இது எங்கட சீசன் அக்கா. எனக்கு லீவு இல்லை. ஒண்டு செய்வமே? ரெண்டு நாள் காட்டுப் பயணம் ஒண்டு இருக்கு. எங்கட வான் வண்டியில இடம் இருக்கு. என்னோட வாங்கோ. ஒரு இரவு கூடாரத்தில தங்கலாம்."

பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அப்பாவுக்குச் சிரிப்பும் கோபமும் ஒன்றாக வந்தன.

"கூடாரமோ? இடம்பெயர்ந்து காட்டுக்க தறப்பாளைக் கட்டிக்கொண்டு சும்மா படுத்த ஆக்கள் நாங்கள். இப்ப காசு குடுத்துப் படுக்கிறதோ? வேலையில போய்ச் சொல்லாதையும், சிரிப்பாங்கள்."

"இஞ்சாருங்கோ, நான் சிங்கம் பாக்கவோ போறன்?" என்றார் அம்மா. "என்ர தம்பியிட்ட ஓம் எண்டு ஒரு சொல்லு வாங்கப் போறன். அவன் கூடாரத்தில நிண்டால் நான் கூடாரத்துக்கு வாறன்."

புறப்பட்ட அன்று அந்த ஜாக்கெட்டும் கொக்கியிலிருந்து இறங்கியது. ஆபிரிக்காவுக்குக் குளிர் ஜாக்கெட்டா என்று அப்பா தலையில் கைவைத்தார். "கலியாணம் சரியெண்டால் அவன் அதைப் போட்டுக்கொண்டெல்லோ வந்து இறங்க வேணும்" என்றார் அம்மா. பெண்ணின் படத்தை ஓர் உறையில் போட்டு, பருத்தித்துறை வடைப் பொதிக்கு மேலே வைத்து, அந்தப் பையைக் கையோடேயே கொண்டு வந்தார்.

நைரோபியில் குளிர்ந்தது. ஜூலை மாதத்தில் அங்கே வானம் கறுத்து, தூறல் விழுந்து, கெல்சென்கிர்ச்சனின் ஐப்பசியைப் போல இருந்தது. மெல்லிய சட்டைகளோடு நாங்கள் மூவரும் நடுங்கிக்கொண்டு வெளியே வந்தோம். மாமாவை அம்மா தேடினார். அம்மா தேடியது மெலிந்து, கண் குழி விழுந்து, கசங்கிய சட்டையோடு ஒருவரை. எங்களை நோக்கி வந்ததோ மடிப்புக் கலையாத காக்கிச் சட்டை போட்டு, கன்னம் பளபளத்து, வயிறு வைத்த ஒரு மனிதர். எங்கள் பேச்சில் வண்டி என்றால் தொப்பையும்தான். "வண்டியோட வந்து நிப்பன் எண்டு மச்சான் சொன்னது உண்மைதான், ரெண்டு வண்டியோட வந்திருக்கிறார்" என்று அப்பா சொல்ல, மாமா விழுந்து விழுந்து சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. தம்பியின் முகத்தை இரண்டு கைகளாலும் பிடித்துப் பார்த்துக்கொண்டே நின்றார். இத்தனை வருடம் பட்டினி கிடப்பான் என்று நினைத்து அழுத தம்பி கொழுத்துப்போய் நிற்பதை எப்படி எடுத்துக்கொள்வது என்று அவருக்குத் தெரியவில்லை என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

நானோ அவருடைய கால்களைத்தான் பார்த்தேன். அந்த வயதில் எல்லாம் எனக்கு விளங்கியிருந்தது. ஆனாலும் பார்த்தேன்.

மறுநாள் காலை வானில் எங்களோடு இன்னும் இரண்டு பேர் ஏறினார்கள். ஜெர்மனியின் எர்லாங்கனிலிருந்து வந்த, தொப்பி போட்ட ஓய்வுபெற்ற ஒருவரும் அவர் மனைவியும். அப்போதுதான் எங்களுக்கு விஷயம் தெரிந்தது. மாமா வான் திருத்துபவர் மட்டுமல்ல, அந்த வானின் ஓட்டுநர், வழிகாட்டி எல்லாம் அவர்தான். அதுவும் ஜெர்மன் பயணிகளுக்கான வழிகாட்டி. திருத்தகத்துக்கு வந்த யாரோ ஒரு ஜெர்மன்காரரோடு மாமா ஜெர்மனில் கதைப்பதைக் கேட்ட கிழவர், கையோடு ஒரு வானைக் கொடுத்து ஏற்றிவிட்டாராம்.

"எல்லாம் உங்கட கசெட்டுத்தான் அக்கா" என்றார் மாமா, வானைக் கிளப்பியபடி.

அந்த ஜெர்மனை நான் எப்படிச் சொல்வது? நாம் வீதியில் கற்ற ஜெர்மன் வேறு. மாமாவின் ஜெர்மன் கசெட்டிலிருந்து அப்படியே எழுந்து வந்தது. அதில் ஒரு பாடம் முழுவதும் ரயில் நிலையத்தில் நடப்பது. ஆகவே நக்குரு தேசியப் பூங்காவின் வாசலில் வானின் கூரையை உயர்த்திவிட்டு மாமா கணீரென்று அறிவித்தார்: "மதிப்புக்குரிய பயணிகளே, நாம் இப்போது காண்டாமிருகத்தை வந்தடைகிறோம். வலது பக்கமாக இறங்கவும்... மன்னிக்கவும், இறங்க வேண்டாம்." தொப்பிக்காரர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். அவர் மனைவி திரும்பி, உங்கள் சகோதரர் எவ்வளவு மரியாதையாகப் பேசுகிறார், எங்கே படித்தார் என்று கேட்டார். அம்மா வெளியே பார்த்தபடி, நான்தான் அனுப்பினேன் என்று மட்டும் சொன்னார். ஜெர்மனிக்கு வருவதற்காக அனுப்பிய ஜெர்மன், ஜெர்மன்காரரையே அங்கே வரவழைத்துவிட்டது.

பூங்காவின் ஏரியைச் சுற்றிப் பூநாரைகள் இளஞ்சிவப்பாகப் படர்ந்து கிடந்தன. கிட்டப் போனதும் அழுகிய முட்டையும் உப்பும் கலந்த நாற்றம் அடித்தது. மஞ்சள் பட்டை மரங்களுக்கு அடியில் எருமைகள் எங்களை முறைத்துப் பார்த்தன. காவலர்கள் வழியில் வானை மறித்தால் மாமா தலையை வெளியே நீட்டி அவர்களுடைய மொழியில் ஏதோ சொல்வார், அவர்கள் வயிற்றைப் பிடித்துச் சிரித்து வழிவிடுவார்கள். அம்மாவால் தம்பியோடு ஒரு வார்த்தை தனியாகக் கதைக்க முடியவில்லை. பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி, அவர் சிரிக்கும் ஒவ்வொரு தடவையும் அவருடைய பிடரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாலையில் ஒட்டகச்சிவிங்கிகளைக் கண்டோம். வான் நின்றது. ஒன்று எங்களுக்கு மிகக் கிட்டத்தில், அசையாமல், கண்ணை அரைவாசி மூடி நின்றது.

"மாமா, அதுக்கு நித்திரையோ?"

"ஓம் மருமோள். நிண்டுகொண்டே நித்திரை கொள்ளும். படுத்தால் எழும்பிறது பெரிய பாடு, அதுக்குள்ள சிங்கம் வந்திடும். எப்பவும் வெளிக்கிட ரெடியா நிக்க வேணும்."

"படுக்கவே படுக்காதோ?"

"படுக்கும். இடம் பிடிபட்டுதெண்டால் காலை மடிச்சுக்கொண்டு வடிவாப் படுக்கும். நான் கண்டிருக்கிறன்."

பிறகு திரும்பி, எர்லாங்கன்காரருக்கு அதையே ரயில் நிலைய ஜெர்மனில் சொன்னார். 

கூடாரங்கள் மரங்களுக்கு நடுவே ஒரு வெட்டைவெளியில் இருந்தன. அப்பா இறங்கியதும் எங்கள் கூடாரத்தைச் சுற்றி நடந்தார். கயிறுகளை இழுத்துப் பார்த்தார். நாக்கைச் சப்புக்கொட்டினார். பிறகு மடமடவென்று முடிச்சுகளை அவிழ்த்து, முளைகளைப் பிடுங்கி, தன் முறையில் எல்லாவற்றையும் திரும்பக் கட்டினார். மழை வந்தால் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று குதிக்காலால் மண்ணில் கோடு கிழித்தார். தொப்பிக்காரர் வந்து நின்று வியந்து, முன்பும் நிறைய முகாமிட்டிருக்கிறீர்களா என்று கேட்டார். "ஓ, குடும்பமாக, அடிக்கடி" என்றார் அப்பா ஜெர்மனில். மாமாவும் அவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். அம்மா மட்டும் கூடாரத்துக்குள் கால் வைக்கத் தயங்கி, வாசலில் ஒரு பெட்டியின்மேல் உட்கார்ந்திருந்தார். பச்சை நிறத் துணியின் வாசமும் அது காற்றில் படபடக்கும் ஒலியும் அவரை எங்கே கொண்டுபோயிருக்கும் என்று நான் அப்போது கேட்கவில்லை.

இருட்டியதும் குளிர் இறங்கியது. அம்மா ஜாக்கெட்டை எடுத்துத் தம்பியின் தோளில் போட்டார். மாமா கையை நுழைத்தார். கை சரியாக இருந்தது, ஆனால் முன்பக்கம் எப்படி இழுத்தும் சிப் மூடவில்லை. கழுத்தில் அந்தச் சீட்டு ஆடியது. "நான் வெளிக்கிடேக்க இருந்த அளவு அக்கா இது" என்றார் மாமா. அம்மா குனிந்து பல்லால் சீட்டின் நூலைக் கடித்து அறுத்தார்.

காலையில் நான் எழும்பியபோது மாமா அந்த ஜாக்கெட்டோடு நெருப்படியில் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். எர்லாங்கன்காரர் இருவரும் இன்னும் வெளியே வரவில்லை. அம்மா வடைப் பொதியைப் பிரிக்கப் பையைத் திறந்து பக்கத்தில் வைத்தார். உறையைக் கையில் எடுக்கப்போன அந்தக் கணத்தில்தான் அது நடந்தது. மரத்துக்குப் பின்னாலிருந்து ஒரு பெரிய குரங்கு, நாய் முகமும் மஞ்சள் பல்லுமாக, ஓடிவந்து பையை அப்படியே தூக்கிக்கொண்டு போய்விட்டது.

"ஐயோ, பெட்டையின்ர படம்!" என்று அம்மா கத்தினார்.

கிளையில் ஏறி உட்கார்ந்த குரங்கு முதலில் வடைகளைப் பார்த்தது. ஒன்றைக் கடித்தது. பருத்தித்துறை வடையின் உறைப்பு உங்களுக்குத் தெரியும். அது முகத்தைக் கோணி, நாக்கை வெளியே நீட்டி, தும்மி, பின்பு விடாமல் இன்னொன்றையும் எடுத்தது. அப்பா சிரிப்பை அடக்க முடியாமல் கூடாரத்துக்குப் பின்னால் போனார். மூன்றாவதாக உறை அதன் கைக்கு வந்தது. கிழித்தது. ஸ்டுட்கார்ட் பெண்ணின் படத்தை வெளியே எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தது. எங்கள் வீட்டில் அந்த மாப்பிள்ளைக்காக வைத்திருந்த படத்தை முதலில் பார்த்தது அதுதான். மாமா ஒரு தடியைத் தரையில் அடித்து, அந்த ஊர் மொழியில் அதட்டினார். குரங்கு எல்லாவற்றையும் கீழே போட்டுவிட்டு வாயில் வடையோடு மறைந்தது.

மாமா போய்ப் படத்தை எடுத்தார். ஒட்டியிருந்த மண்ணைச் சட்டையில் மெதுவாகத் துடைத்தார். பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார். பிறகு அம்மாவுக்கு முன்னால் வந்து, கோயிலில் ஒன்றை வாங்குவதுபோல இரண்டு கையாலும் அதை அம்மாவின் கையில் வைத்தார்.

"வடிவான பிள்ளை அக்கா. நல்ல பிள்ளையாத் தெரியுது. வேற நல்ல இடத்தில குடுக்கச் சொல்லுங்கோ."

"ஏன்ரா?"

"நான் வரேல்லை அக்கா."

"விசரே உனக்கு? உனக்காகத்தானே இவ்வளவு தூரம்... எத்தினை வருசமா ஒரு கால் உள்ளயும் ஒரு கால் வெளியிலயுமா நிக்கிறாய். இப்ப கதவு திறந்து கிடக்கு. ஒரு ஓம் சொன்னால் காணும்."

மாமா தேத்தண்ணீர்க் கோப்பையை அம்மாவின் பக்கத்தில் வைத்துவிட்டு, அவர் காலடியில் மண்ணில் உட்கார்ந்தார்.

"நீங்கள் சொன்னபடி நான் ஒண்டும் வாங்கேல்லை அக்கா. ஒரு அலுமாரி வாங்கேல்லை. ஒரு கட்டில் வாங்கேல்லை. சூட்கேசுக்கையே உடுப்பை வச்சு எடுத்து, நிலத்தில பாயைப் போட்டுப் படுத்தனான். நாளைக்குக் கூப்பிடுவாங்கள், நாளைக்குக் கூப்பிடுவாங்கள் எண்டு. கூட வேலை செய்யிறவன் கலியாணத்துக்குக் கூப்பிட்டாலும் போகேல்லை, நான் இங்கத்தை ஆள் இல்லைத்தானே எண்டு. பேந்து ஒருநாள் கிழவர் கேட்டார், நீ எதுக்காகக் காத்துக்கொண்டு நிக்கிறாய் எண்டு.  போன மாசம் நான் ஒரு கட்டில் வாங்கினனான் அக்கா."

"கட்டிலோ?" என்றார் அம்மா. இவ்வளவுக்கும் பிறகு அவருக்கு அந்த ஒன்றுதான் விளங்காமல் போனது போலிருந்தது.

"ஓம். பலகைக் கட்டில். முதல் நாள் படுத்து விடிய எட்டு மணி மட்டும் நித்திரை. நிண்டு நிண்டு என்ர கால் உளைஞ்சு போச்சு அக்கா. நிண்டது காணும். நான் இனி இங்க நிக்கேல்லை. இருக்கிறன்."

அம்மா அழுதார். சத்தமாக, முகத்தை மூடாமல், எர்லாங்கன்காரர் வெளியே வந்ததைக்கூடக் கவனியாமல் அழுதார். மாமா அவர் முழங்காலில் தலைவைத்துக்கொண்டு இருந்தார். தம்பிக்கு அங்கே வாழ்க்கை அமைந்துவிட்டதே என்ற சந்தோஷம் அதில் இருந்ததா என்று கேட்டால், இல்லை. அன்றைக்கு அது வெறும் துக்கம்தான். ஒரே வீட்டில் வளர்ந்த இருவரும் இனி ஒரே ஊரில் இருக்கப்போவதில்லை என்று அந்த மண்ணில் வைத்துத்தான் அம்மாவுக்கு முடிவாகத் தெரிந்தது. அப்பா வந்து, தான் கட்டிய கூடாரத்தின் கயிறுகளை ஒவ்வொன்றாக அவிழ்க்கத் தொடங்கினார்.

நம்மில் பலருக்கு இப்படி ஒரு மாமாவோ சித்தப்பாவோ இருந்திருப்பார்கள். அவர்களை நிற்க வைத்தது ஏஜென்சிக்காரன், போர், எல்லைக் காவலர் என்றுதான் நாம் சொல்லிக்கொள்கிறோம். உண்மைதான். ஆனால் ஞாயிறுதோறும் ஜாக்கெட்டுக்குக் கீழே நின்று, ஒன்றையும் வாங்காதே, இன்னும் கொஞ்சம் பொறு என்று அம்மா சொன்னதையும் நான் இப்போது நினைக்கிறேன். அன்பில்தான் சொன்னார். அந்த அன்பு ஒரு மனிதனை அத்தனை வருடம் பாயில் படுக்க வைத்தது.

திரும்பி வரும்போது ஜாக்கெட் மாமாவோடு தங்கிவிட்டது. விடியற்காலைப் பயணங்களுக்கு நல்லது, சிப் மூடாவிட்டாலும் பரவாயில்லை என்றார். நடையின் கடைசிக் கொக்கி வெறுமையாகக் கிடந்தது. சில நாள் கழித்து அப்பா அதில் தன் குடையை மாட்டினார். அம்மா பார்த்தார், எடுக்கவில்லை. ஆனால் மாமாவோடு கதைக்கவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அட்டையைச் சுரண்டி என் கையில் தருவார், நான் கதைப்பேன். மாமா கேட்பார், "அக்கா பக்கத்தில நிக்கிறாவோ?" நிற்கிறா என்பேன். அம்மா குசினிக்குள் போய்விடுவார்.

ஆவணி வந்தது. கேவலாருக்குப் போனோம். அம்மா வழக்கம்போல ஒரு மெழுகுதிரி கொளுத்தினார். என்ன கேட்டார் என்று தெரியாது. திரும்பி வரும் பஸ்ஸில் என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு நித்திரையானார்.

அடுத்த கிழமை ஸ்டுட்கார்ட்டிலிருந்து டெலிபோன் வந்தது. அம்மா ரொட்டிக்கு மாக் குழைத்துக்கொண்டிருந்தவர், மா ஒட்டிய கையோடு வந்து, ரிசீவரைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு நின்றார். பெண்ணின் தாய் குரலைத் தாழ்த்தாமல் கதைப்பவர். எனக்கும் கேட்டது.

"ஒரு மறுமொழியும் வரேல்லை, அதுதான் எடுத்தனான். தம்பி இன்னும் ஆபிரிக்காவிலதானே நிக்கிறார்?"

 அம்மாவின் கண் கடைசிக் கொக்கிக்குப் போனது. அங்கே அப்பாவின் குடை.

"இல்லை அக்கா" என்றார். "என்ர தம்பி அங்க இருக்கிறார். நல்லா இருக்கிறார். உங்கட பிள்ளைக்கு வேற நல்ல இடம் பாருங்கோ."

ரிசீவரை வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டு குசினிக்குப் போய் ஒரு கதிரையைத் தூக்கி வந்து நடையில் டெலிபோனுக்குப் பக்கத்தில் போட்டார். ஞாயிற்றுக்கிழமை இல்லை, ஆனாலும் ஒரு புது அட்டையை எடுத்துச் சுரண்டினார். தூளைத் தானே ஊதினார். இலக்கங்களை அமத்திவிட்டு, அந்த வீட்டில் முதல் தடவையாக, டெலிபோனுக்கு முன்னால் உட்கார்ந்தார்.

"தம்பி, அக்கா கதைக்கிறன்" என்றார். "கட்டிலுக்கு மெத்தை வாங்கினனியோ?"